நான் போட்ட இருட்டு எங்கே: ஓர் உப்பளப் பக்கத்துக்கு மூன்று முறை வண்ணம் போட்ட கதை

எட்டுப் பக்கச் சிறு காமிக்ஸ் ஒன்றின் மூன்றாம் பக்கம் இது. இடம் தூத்துக்குடி உப்பளம், நேரம் மாலை ஐந்தரை மணி. பக்கத்தில் ஆறு பேனல்கள், அதாவது படக்கட்டங்கள். நடுவயதுப் பெண் ஒருத்தி பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருக்கிறாள். சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. பள்ளிக்கூடப் பையோடு மகள் வரப்பில் நடந்து வருகிறாள். யாரும் எதுவும் பேசுவதில்லை. கடைசிப் பேனலில் அம்மா நிமிர்ந்து பார்க்கிறாள்.

மை போட்டவர் என்னைவிட வயதில் மூத்த ஓவியர், நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவர். ஏ3 அட்டையில் தூரிகையும் நிப்பும் வைத்து, இந்தியன் இங்கில் வரைந்தவர். கருப்பை எங்கே கொட்ட வேண்டும் என்று அவருக்குத் தெரியும். சட்டை மடிப்பின் உள்பக்கம், தலைத்துண்டின் கீழ் நெற்றி, வாரும் பலகையின் அடிப்பக்கம் என்று அந்த இடங்களில் மட்டும் அடர்கருப்பு. உப்புக் குவியலுக்கு ரெண்டே கோடு, மீதி வெறும் காகிதம். பக்கத்தை என் கையில் கொடுக்கும்போது அவர் கேட்டது ஒன்றுதான்: “படத்துக்குள்ள வெயில் அடிக்கணும் தம்பி. கம்ப்யூட்டர்ல போட்டதுன்னு தெரியக்கூடாது.”

அதை முடிக்க எனக்கு மூன்று முயற்சிகள் தேவைப்பட்டன. எது ஏன் சரியாக வரவில்லை, எது எப்படிச் சரியானது என்று இங்கே எழுதுகிறேன். மை போட்ட படத்துக்குக் கணினியில் வண்ணம் ஏற்றுகிறவர்கள் எல்லோரும் இந்தச் சிக்கலில் ஒருமுறையாவது மாட்டியிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

முதல் முயற்சி

வேலையின் அடித்தளம் சரியாகவே இருந்தது. என் ஸ்கேனர் ஏ4 அளவுதான். அதனால் அட்டையை இரண்டு பாதியாக, 600 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி) எடுத்து ஒட்டினேன். அவர் இளநீலப் பென்சிலில் ஸ்கெட்ச் போட்டு, அதன் மேல் மை போடுகிறவர். வண்ணத்தில் ஸ்கேன் செய்து நீல சேனலை, அதாவது படத்தின் நீல ஒளிப் பகுதியை, மட்டும் பிரித்து எடுத்தால் அந்தப் பென்சில் காகிதத்தோடு சேர்ந்து மறைந்துவிடும், மை மட்டும் நிற்கும். அப்புறம் வெளிச்ச அளவைச் சரிசெய்யும் லெவல்ஸில் காகிதத்தை முழு வெள்ளையாகவும் மையை முழுக் கருப்பாகவும் தள்ளி, வெள்ளையை நீக்கி, கோட்டைத் தனி லேயராக, ஒளிபுகும் தாள்போல மேலே வைக்கும் ஓர் அடுக்காக, வைத்துக்கொண்டேன். நான் பயன்படுத்துவது கிருதா. இலவச மென்பொருள்தான், ஆனால் இந்த வேலைக்கு எந்தக் குறையும் வைக்காது.

அடுத்தது பிளாட்ஸ். சேலை ஒரு நிறம், சட்டை ஒரு நிறம், தோல் ஒரு நிறம் என்று ஒவ்வொரு பகுதியையும் தட்டையாக நிரப்பும் வேலை. இதில் விளிம்புகள் மழுங்கலாக இருக்கக் கூடாது. விளிம்பை மென்மையாக்கும் ஆன்ட்டி-அலையாசிங்கை அணைத்துவிட்டுத்தான் நிரப்ப வேண்டும். அப்போதுதான் பின்னால் எந்தப் பகுதியையும் ஒரே கிளிக்கில் சுத்தமாகத் தேர்ந்தெடுக்க முடியும். நிறம் மைக்கோட்டின் ஓரத்தோடு நின்றுவிடாமல் கோட்டின் அடியிலும் ஓட வேண்டும். அப்போதுதான் அச்சில் ஒவ்வொரு மைக்கும் உள்ள தகடுகள் ஒரு மயிரிழை விலகினாலும் வெள்ளைக் கீறல் தெரியாது. இது சலிப்பான வேலை. ஆறு பேனலுக்கு அரை நாள் பிடித்தது.

தவறு இதற்குப் பிறகுதான் நடந்தது. நிறத்தைப் புகைபோல் தூவும் பெரிய மென்மையான ஏர்பிரஷ்ஷை எடுத்தேன். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் நிழல், நடுவில் வழவழவென்று ஒரு கலப்பு. கன்னத்துக்கு ஒன்று, சட்டைக்கையின் ஒவ்வொரு மடிப்புக்கும் ஒன்று, பலகைக்கு ஒன்று, வானத்துக்கு ஒன்று. எல்லாம் முடிந்த பிறகு மொத்தப் படத்தின் மேலும் சாம்பல் கலந்த ஊதா லேயர் ஒன்றை, அடியில் உள்ளதை இருட்டாக்கும் மல்டிப்ளை முறையில் வைத்து நிழல் போட்டேன். இரண்டு நாள் வேலை. திரையில் பெரிதாக்கிப் பார்க்கும்போது ஒவ்வொரு அங்குலமும் நன்றாகத்தான் இருந்தது.

அண்ணன் வந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. பையிலிருந்து மூல அட்டையை எடுத்துத் திரைக்குப் பக்கத்தில் நிறுத்தினார். கொஞ்ச நேரம் கழித்து, “நான் போட்ட இருட்டு எங்கப்பா?” என்றார்.

கருப்பு வெள்ளையில் அந்தப் பெண் வெயிலில் நின்றாள். என் வண்ணத்தில் அவள் மொழுமொழுவென்று, பிளாஸ்டிக் பொம்மையை விளக்கடியில் வைத்ததுபோல் இருந்தாள். அவர் போட்ட கருப்பு எதுவும் அழியவில்லை, அப்படியேதான் இருந்தது. ஆனால் அதைச் சுற்றி நான் நிரப்பிய நடுத்தர இருட்டில் அது மூழ்கிவிட்டது. வெள்ளைக்குப் பக்கத்தில் கருப்பு இருந்தால்தான் அது வெயில்.

மைக்குள் இருக்கும் நிழல்

அன்று ராத்திரி மூலத்தை மட்டும் வைத்துக்கொண்டு பார்த்தபோது ஒன்று புரிந்தது. நிழல் போடும் வேலையை மை ஏற்கனவே முடித்துவிட்டது. கன்னத்தின் ஓரத்தில் அவர் இழுத்திருந்த ஏழெட்டு மெல்லிய கோடுகள், வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் போகும் சரிவு. நான் அதே சரிவை அதன் அடியில் இன்னொரு முறை வண்ணத்தில் வரைந்திருந்தேன். ஒரே கன்னத்துக்கு இரண்டு நிழல்.

காமிக்ஸ் மை இப்படி வளர்ந்ததற்கு அச்சு ஒரு பெரிய காரணம். அமெரிக்க காமிக்ஸில் பல பத்தாண்டுகள் வண்ணம் என்றால் சயான், மெஜந்தா, மஞ்சள் ஆகிய மூன்று மைகளும் 0, 25, 50, 100 சதவீதம் என்ற நான்கு அளவுகளில் மட்டும்தான். நாலு நாலு நாலாகப் பெருக்கினால் 64 நிறங்கள். ஒரு நிறம் இன்னொன்றில் மெல்லக் கரைவதற்கு அங்கே வழியே இல்லை. அதனால் உருண்டை, குழிவு, தூரம் எல்லாவற்றையும் மை போடுகிறவரே கோடுகளால் சொல்ல வேண்டியிருந்தது. தூரிகை நுனியைச் சிறகுபோல் இழுத்து மெலியவிடும் கோடு, குறுக்குக் கோடு, அடர்கருப்புத் திட்டு எல்லாம் தட்டை வண்ணத்தைத் தாங்கிப் பிடித்தவை. வண்ணமே இல்லாமல் அச்சான காமிக்ஸில் மைக்கு இதைவிடவும் பெரிய வேலை.

தமிழ் வாசகர்களுக்கு இது அனுபவத்திலேயே தெரியும். சிவகாசியிலிருந்து 1972இல் முத்து காமிக்ஸ் ‘இரும்புக்கை மாயாவி’யோடு தொடங்கியது. 1984இல் லயன் காமிக்ஸ் வந்தது. பல ஆண்டுகள் நாம் படித்தவை பெரும்பாலும் கருப்பு வெள்ளைதான், அதுவும் சாதாரண காகிதத்தில். அப்போதும் பாலைவனம் சுட்டது, மழை பெய்தது, பாதாள அறை பயமுறுத்தியது. அதையெல்லாம் மை மட்டுமே செய்தது. அப்படிப்பட்ட பக்கங்களில் கண் பழகிய நான், கையில் ஏர்பிரஷ் வந்ததும் அதை மறந்துபோனது எனக்கு இன்னும் வருத்தம்தான்.

ஐரோப்பாவில் வழி வேறாக இருந்தது. கோட்டோவியத்தை மிக மெல்லிய நீலத்திலோ சாம்பலிலோ இன்னொரு தாளில் அச்சிட்டு, அதன் மேல் வாட்டர்கலரோ, அதைவிடக் கெட்டியான குவாஷோ வைத்துக் கையால் வண்ணம் தீட்டுவார்கள். கருங்கோடு மட்டும் தனியாக ஒளிபுகும் ஃபிலிமில் இருக்கும். இரண்டையும் மேலே மேலே வைத்தால் பக்கம் தயார். நாம் இன்று லேயர் என்று சொல்வதன் மூதாதை அதுதான். அந்த முறையில் தீட்டிய பக்கங்களைப் பார்த்தால் வண்ணம் தன் வழியில் தண்ணீர்போல் ஓடுவது தெரியும், மையின் நிழலை அது திரும்பப் போடுவதில்லை.

கணினி வந்த கதையிலும் இதே சிக்கல் உண்டு. கட்சுஹிரோ ஒட்டோமோவின் ‘அகிரா’ ஜப்பானில் கருப்பு வெள்ளையில் வந்தது. 1988இல் அமெரிக்காவில் மார்வெலின் எபிக் பிரிவு அதை வெளியிட்டபோது ஸ்டீவ் ஆலிஃப் கணினியில் வண்ணம் ஏற்றினார். கணினி வண்ணத்துக்கு வழி திறந்த பெரிய வேலை அது. ஒட்டோமோவின் கோடும் சாம்பல் புள்ளித் திட்டுகளும் ஏற்கனவே நிரம்பிய பக்கங்கள் அவை, வண்ணம் அவற்றை நெரிக்காமல் இருக்க வேண்டும். அப்புறம் 1990இல் ஃபோட்டோஷாப் வந்தது, 1994இல் அதற்கு லேயர் வசதி வந்தது. ஒரு நிறம் இன்னொன்றாக மெல்லக் கரையும் கிரேடியன்ட் எல்லோர் கைக்கும் எட்டியதும் பல இதழ்களில் ஒவ்வொரு தசைக்கும் தனித்தனியாகப் பளபளப்பு ஏறியது. என் முதல் முயற்சி அந்தக் காலத்துப் பக்கம்போல்தான் இருந்தது.

உப்பளத்துக்குப் போனது

இரண்டாம் முறை தொடங்கும் முன் ஒரு சாயங்காலம் உப்பளத்துக்குப் போய் நின்றேன். இந்த வேலையில் நான் எடுத்த சரியான முடிவு இதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

செல்போனில் எடுத்த படங்கள் பெரிதாக உதவவில்லை. கேமரா தானாகவே வெள்ளைச் சமன் செய்து, மாலையின் மஞ்சளைப் பாதி கழுவிவிடுகிறது. உப்பை வெறும் வெள்ளையாகக் காட்டியது. கண்ணுக்கு அது வெள்ளையே இல்லை. வெயில் படும் பக்கம் வெளுத்த பால்மஞ்சள், நிழல் பக்கம் நல்ல நீலம். சூரியன் தாழ்ந்திருக்கும்போது அதன் ஒளி அதிகக் காற்றைக் கடந்து வருகிறது, நீலம் வழியிலேயே சிதறிவிடுகிறது, மிச்சம் வருவது மஞ்சளும் ஆரஞ்சும். சிதறிய நீலம் வானம் முழுக்கப் பரவியிருக்கிறது. சூரியன் எட்டாத இடத்துக்கு ஒளி கொடுப்பது அந்த வானம்தான், அதனால் நிழல் நீலம். இதைப் புத்தகத்தில் படித்திருக்கிறேன். உப்பின் மேல் பார்த்தபோதுதான் நம்பினேன், ஏனென்றால் உப்புக்குச் சொந்த நிறம் இல்லை, விழும் ஒளியை அப்படியே காட்டிக்கொடுத்துவிடும்.

இரண்டாவதாகப் பார்த்தது முகம். சாதாரணமாக நாடிக்குக் கீழே, மூக்குக்கு அடியில் நிழல் போடுவோம். உப்பளத்தில் தரையே வெளிச்சம். குனிந்து வேலை செய்கிறவர்களின் நாடியும் புருவத்தின் அடிப்பக்கமும் கீழிருந்து ஒளி வாங்கின. என் முதல் முயற்சியில் அந்த இடங்களில் அடர்நிழல் போட்டிருந்தேன். அண்ணன் அங்கே மை வைக்காமல் விட்டிருந்தார். அவர் அந்த ஊர்க்காரர், கவனித்து வரைந்தது. நான் அதைக் கவனிக்கவே இல்லை.

மூன்றாவது, தரையில் விழுந்த நிழலின் ஓரம். சூரியன் வானத்தில் ஒரு புள்ளி அல்ல, அரை டிகிரி அகலமான வட்டு. அதனால் நிழலின் ஓரம் பொருளிலிருந்து தூரம் போகப் போக மங்குகிறது, ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் என்ற கணக்கில். மாலை ஐந்தரைக்கு ஆளின் நிழல் ஆளைப்போல நான்கு மடங்குக்கு மேல் நீளம். காலடியில் கத்தியால் வெட்டியதுபோல் இருக்கும் ஓரம், ஏழு மீட்டர் தள்ளி விழும் தலை நிழலில் நாலு விரல் அகலத்துக்கு மங்கிவிடுகிறது. ஒரே நிழலுக்குள் கூர்மையும் மழுங்கலும். கலப்பு இயல்பாக இருக்கிறதா இல்லையா என்பது இங்கேதான் தீர்மானமாகிறது. எல்லா ஓரத்தையும் ஒரே அளவு மழுக்கினால் அது பிளாஸ்டிக். எங்கே கூர்மை, எங்கே மங்கல் என்று ஒளி சொல்வதைக் கேட்டால் அது வெயில்.

இரண்டாம் முயற்சி

பிளாட்ஸை வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் அழித்தேன்.

இந்த முறை முதலில் கலப்பே இல்லை. படத்துக்கு மேலே கருப்பு வெள்ளையாகக் காட்டும் ஒரு லேயரை வைத்து, பேனலுக்கு மூன்றே டோன் (வெளிச்ச-இருட்டு அளவு) என்று முடிவு செய்தேன்: வெயில் படும் இடம், வானம் மட்டும் ஒளி தரும் இடம், அண்ணன் மை போட்ட இடம். மூன்றாவதற்கு நான் ஒன்றும் செய்யத் தேவையில்லை, அது அவருடையது. ஆக எனக்கு இரண்டு டோன்தான். கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் ஆறு பேனலும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். நாலாவது பேனலில் சேலையும் பின்னாலிருக்கும் குவியலும் ஒரே அடர்த்தியில் ஒட்டிக்கொண்டன. சேலையின் பிளாட் நிறத்தையே மாற்றினேன், கலப்பு வைத்துப் பிரிக்கப் பார்க்கவில்லை.

மல்டிப்ளை லேயரைத் தூக்கி எறிந்தேன். ஒரே ஊதாவை எல்லாவற்றின் மேலும் போர்த்தினால் உப்பின் நிழலும் தோலின் நிழலும் துணியின் நிழலும் ஒரே மாதிரி செத்துப்போகும். இப்போது ஒவ்வொரு பொருளுக்கும் அதன் நிழல் நிறத்தைத் தனியாகத் தேர்ந்தெடுத்தேன். கிருதாவில் பிளாட்டையும் அதன் மேல் தீட்டும் லேயரையும் ஒரு குழுவில் போட்டு, அடியில் உள்ள வடிவத்தைத் தாண்டி நிறம் கசியாதபடி பூட்டிவைக்கலாம். அப்புறம் கை தாராளமாக ஓடும், கோட்டுக்கு வெளியே போகுமோ என்ற பயம் இல்லை.

தோலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இணையத்தில் கிடைக்கும் வண்ணப் பாடங்களில் பெரும்பாலானவை வெளுத்த தோலை வைத்துத்தான் தொடங்குகின்றன. இளஞ்சிவப்பு, அதன் நிழலுக்கு இன்னும் சிவப்பு. அதையே கொஞ்சம் இருட்டாக்கி நம் ஆட்களுக்குப் போட்டால் தோல் சாம்பல் பூசியதுபோல் ஆகிவிடுகிறது, இல்லையென்றால் செங்கல். கருத்த தோலில் ஒளி வேறு விதமாக விளையாடுகிறது. உள்ளே போகும் ஒளியை மெலனின் விழுங்கிவிடுகிறது. ஆனால் தோலின் மேற்பரப்பு, வியர்வையும் எண்ணெயும் உள்ள மேற்பரப்பு, ஒளியை அப்படியே திருப்பி அனுப்புகிறது. அப்படித் திரும்பும் பளபளப்புக்குத் தோலின் நிறம் இல்லை, ஒளியின் நிறம்தான். அடித்தளம் கருமையாக இருப்பதால் அது இன்னும் தெளிவாகத் தெரியும். ஆக அந்த அம்மாவின் சூரியப் பக்கக் கன்ன எலும்பில் ஆரஞ்சு, வானம் பார்த்த நெற்றியிலும் தோள்பட்டையிலும் நீலச் சாம்பல்.

என் அடித்தள நிறம் ஆர்ஜிபியில், அதாவது திரையின் சிவப்பு, பச்சை, நீல அளவுகளில், 122, 78, 54. நிழலுக்கு 66, 42, 48 வைத்தேன், அதாவது இருட்டோடு சேர்த்து லேசாக ஊதாப் பக்கம் திருப்பினேன். வானத்துப் பளபளப்புக்கு 128, 130, 150. தனியாகப் பார்த்தால் அது சிமென்ட் நிறம். அந்த நெற்றியில் வைத்தால் வியர்வை. வெயிலும் நிழலும் சந்திக்கும் கோட்டில் மட்டும் கொஞ்சம் சிவப்பைக் கூட்டினேன். தோலுக்குள் நுழைந்த ஒளி ரத்தத்தில் பட்டுப் பக்கவாட்டில் பரவி அந்த எல்லையில் சிவப்பாக வெளியே வருகிறது. காது மடல், மூக்கு நுனி, விரல் மூட்டு ஆகிய இடங்களிலும் அதே சூடு உண்டு. மகளின் காதுக்குப் பின்னால் சூரியன் இருக்கும் ஐந்தாம் பேனலில் காதையே ஒரு சின்ன விளக்குபோல் ஏற்றினேன். பக்கத்திலேயே நான் மிகவும் ரசித்துச் செய்த இடம் அதுதான்.

கலப்புக்கு இப்போது வருகிறேன். ஏர்பிரஷ்ஷைத் தொடவில்லை. நிறத்தை இழுத்துக் கலக்கும் ஸ்மட்ஜ் வகைத் தூரிகை ஒன்றை, வறண்ட முடித்தடம் தெரியும்படி வைத்துக்கொண்டேன். இரண்டு நிறத்தையும் பக்கத்தில் பக்கத்தில் கெட்டியாக வைப்பது. எல்லையில் நான்கைந்து இழுப்பு. அவ்வளவுதான். மூன்று விதிகளை எனக்கு நானே வைத்துக்கொண்டேன். அண்ணனின் கோடுகள் ஏற்கனவே சரிவைக் காட்டும் இடத்தில் நான் கலக்கமாட்டேன், அங்கே தட்டை நிறம்தான். பொருளின் வளைவால் வரும் நிழலுக்குத்தான் கலப்பு, இன்னொரு பொருள் மேலே விழவைக்கும் நிழலுக்குக் கூர் ஓரம். ஒரு பேனலில் முழுக் கலப்பு ஓரிடத்தில்தான், வாசகரின் கண் நிற்க வேண்டிய இடத்தில்.

ஒரு தொழில்நுட்பச் சிக்கலும் வந்தது. வானத்தில் ஆரஞ்சிலிருந்து நீலத்துக்குப் போகும்போது நடுவில் அழுக்குச் சாம்பல் பட்டை. எதிரெதிர் நிறங்களைக் கலந்தால் நடுவில் செறிவு செத்துவிடும், அது ஒரு காரணம். இன்னொன்று கணக்கு. திரையில் 0 முதல் 255 வரை உள்ள எண்கள் ஒளியின் அளவோடு நேராக ஏறுவதில்லை. பாதி ஒளிக்கு உரிய எண் 128 அல்ல, ஏறத்தாழ 188. மென்பொருள் எண்களை மட்டும் சராசரி எடுத்தால் நடுப்பகுதி உண்மையைவிட இருட்டாகிறது. கிருதாவில் ஒளிக்கணக்கு நேராக இருக்கும் வண்ண வெளியில் வேலை செய்யலாம், இருட்டு கொஞ்சம் குறையும். அதைவிட எளிய வழி ஒன்றும் இருக்கிறது. நடுவில் வர வேண்டிய நிறத்தை நாமே வைத்துவிடுவது. ஆரஞ்சுக்கும் நீலத்துக்கும் நடுவே வெளிறிய ரோஜா நிறத்தை ஒரு பட்டையாகத் தீட்டி, இருபக்கமும் இழுத்தேன். மாலை வானத்தில் கண் பார்ப்பதும் அதுதானே. நீண்ட சரிவுகளில் படிப்படியாகக் கோடு தெரியாமலிருக்க, நிறப் படிகள் அதிகமுள்ள 16 பிட்டில் வேலை செய்து, கடைசியில் பார்வைக்குத் தெரியாத அளவு நாய்ஸ் (பொடிப்புள்ளிகள்) தூவினேன்.

தூரத்துக் குவியல்களின் மைக்கோட்டை மட்டும் நீலச் சாம்பலாக மாற்ற ஆசைப்பட்டேன். கருங்கோட்டுக்கே வண்ணம் ஏற்றுவதை கலர் ஹோல்ட் என்பார்கள். தூரம் தானாகப் பின்னே போகும். ஆனால் அது அவர் கோடு. “அண்ணே, பின்னாடி இருக்குற குவியல் கோட்ட மட்டும் கொஞ்சம் மங்கலாக்கட்டுமா?” என்று கேட்டேன். பார்த்துவிட்டு, “குவியல்ல செய். ஆளு மேல கை வைக்காத” என்றார். அப்படியே செய்தேன்.

ஒரே மைக்கு இரு வண்ணம்

இந்த இடத்தில் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வந்தது ‘பேட்மேன்: தி கில்லிங் ஜோக்’. பிரையன் போலண்ட் வரைந்தது. 1988இல் வெளியானபோது வண்ணம் போட்டவர் ஜான் ஹிக்கின்ஸ். இருபது ஆண்டு கழித்து, 2008 பதிப்புக்குப் போலண்டே கணினியில் முழுவதும் புதிதாக வண்ணம் போட்டார். ஹிக்கின்ஸின் வண்ணம் உரக்கப் பேசும், ஊதாவும் மஞ்சளும் ஆரஞ்சும் அறைக்குள் விளக்கு அடித்ததுபோல் நிறையும். போலண்டின் வண்ணம் அடங்கியது, இயல்பு நிறத்துக்கு நெருங்கியது. கடந்தகாலக் காட்சிகளை அவர் ஏறத்தாழச் சாம்பலாக்கி, ஆங்காங்கே சில பொருட்களை மட்டும் சிவப்பாக விட்டார். பேட்மேன் மார்பிலிருந்த மஞ்சள் நீள்வட்டத்தையும் எடுத்துவிட்டார்.

எது சிறந்தது என்று வாசகர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். என் மனம் போலண்ட் பக்கம்தான், ஆனால் காரணம் அவர் நன்றாகக் கலந்தார் என்பதல்ல. தன் மை எங்கே பேசுகிறதோ அங்கே வண்ணத்தை வாயடைக்க வைத்தார். முழுச் சாம்பலில் ஒரே ஒரு சிவப்புப் பொருள் நிற்கும்போது அந்தக் காட்சியில் கண் வேறெங்கும் போகாது. ஹிக்கின்ஸின் பதிப்பும் என்னிடம் இருந்தால் எடுத்துப் பார்ப்பேன், அதில் இருக்கும் பதற்றம் கதைக்குப் பொருந்தாதது அல்ல. மை ஒன்றுதான், கதையின் நாடித்துடிப்பை மாற்றியது வண்ணம்.

அச்சில் வந்த அடி

இரண்டாம் முயற்சி திரையில் நன்றாக இருந்தது. அண்ணனும் தலையாட்டினார். சரி என்று அச்சகத்தில் ஒரு புரூஃப் (சோதனை அச்சு) போட்டுப் பார்த்தோம். வெயில் போய்விட்டது. நிழலெல்லாம் சேறு, அம்மாவின் முகத்தில் பாதியைக் காணவில்லை, மெல்லிய கோடுகளின் ஓரத்தில் வண்ண நிழல் தட்டியது.

தவறு முழுக்க என் கோப்பில் இருந்தது. மூன்று காரணங்கள். அட்டை போட்ட புத்தகத்தின் உள்தாள் பூச்சில்லாத காகிதம். அதில் மை உறிஞ்சிப் பரவும். நிறம் அச்சில் சின்னச் சின்னப் புள்ளிகளாக விழுகிறது. 50 சதவீதப் புள்ளி அச்சில் 65-70 சதவீதம்போல் தெரியும். நான் திரையில் பார்த்துத் தேர்ந்தெடுத்த நிழல் நிறங்கள் அந்தக் கணக்கில் ஒரு படி இருட்டு. அடுத்தது மொத்த மை அளவு. நாலு மைகளின் சதவீதத்தையும் கூட்டினால் என் அடர்நிழல்களில் 330 வந்தது. பூச்சுள்ள தாளுக்கே 300ஐ ஒட்டி நிறுத்துவது வழக்கம், பூச்சில்லாத தாளுக்கு இன்னும் குறைவு. மை காயாமல் சேறாகும். மூன்றாவது பெரிய தவறு: கோட்டு லேயரை ஆர்ஜிபி கருப்பாகவே விட்டு மொத்தத்தையும் அச்சின் நாலு மைகளான சிஎம்ஒய்கேவுக்கு (சயான், மெஜந்தா, மஞ்சள், கருப்பு) மாற்றியிருந்தேன். அப்படி மாற்றினால் கருப்புக்கோடு நாலு மைகளிலும் பிரிந்துவிடும். தகடு துளி விலகினாலும் கோடு நாலாகத் தெரியும்.

மூன்றாம் முயற்சி இதைச் சரிசெய்வதுதான். கோட்டைத் தனியாக வைத்து, 100 சதவீதக் கருப்பு மை மட்டும், மற்ற நிறங்களை வெட்டாமல் அவற்றின் மேலேயே ஓவர்பிரின்ட் ஆகும்படி அமைத்தேன். வண்ணக் கோப்பு 300 டிபிஐ, கோட்டுக் கோப்பு 1200 டிபிஐ ஒரு-பிட், அதாவது கருப்பு அல்லது வெள்ளை மட்டும். அதற்காக மூலத்தை மறுபடி ஸ்கேன் செய்தேன். அந்தத் தாளில் நிறம் எப்படி வரும் என்று சொல்லும் புரொஃபைல் கோப்பை அச்சகத்திடம் கேட்டு வாங்கி, அச்சுத் தோற்றத்தைத் திரையிலேயே காட்டும் கிருதாவின் சாஃப்ட் புரூஃபில் வைத்துக்கொண்டு வேலை செய்தேன். நிழல்களில் கருப்பு மையை ஏறத்தாழ முழுவதும் எடுத்துவிட்டு, சயானும் மெஜந்தாவும் கொண்டு இருட்டைக் கட்டினேன். அண்ணனின் கோட்டைத் தவிரப் பக்கத்தில் வேறெங்கும் கருப்பு மை கிடையாது என்றே சொல்லலாம். இந்த ஒரு மாற்றத்தில் அவருடைய இருட்டு தனியாக எழுந்து நின்றது. நடுத்தர டோன்களை ஒரு படி வெளுப்பாக்கினேன், திரையில் பார்த்தால் பக்கம் வெளிறிக் கிடந்தது. அதைப் பொறுத்துக்கொள்ள மனசுக்குக் கொஞ்சம் பழக்கம் வேண்டியிருந்தது.

உப்புக்கு வெறும் காகிதத்தை விட்டது மூன்றே இடங்களில்: முதல் பேனலின் குவியல் உச்சி, பலகையில் ஒட்டிய கட்டிகள், கடைசிப் பேனலில் அவள் தோளுக்குப் பின்னால் ஒரு கீற்று. மற்ற உப்பெல்லாம் ஐந்து முதல் பத்து சதவீத மஞ்சளாவது உடுத்தியிருக்கிறது. அதனால்தான் அந்த மூன்று இடமும் கண்ணைக் கூசவைக்கின்றன.

கடைசிப் பேனலைப் பற்றி ஒரு வார்த்தை. அவள் நிமிர்ந்து பார்க்கும் முகத்தின் இடது பாதியை அண்ணன் முழுக் கருப்பில் போட்டிருந்தார். முதல் முயற்சியில் அதன் ஓரத்தில் நான் ஒரு எதிரொளி வைத்திருந்தேன், இரண்டாவதில் அதையே கொஞ்சம் அடக்கி வைத்திருந்தேன். மூன்றாவதில் எடுத்துவிட்டேன். வலது பாதியில் ஒரே ஒரு கலப்பு, கன்ன எலும்பிலிருந்து தாடைக்கு. இடது பாதியை நான் தொடவில்லை.

இரண்டாவது புரூஃப் வந்தபோது அண்ணன் அதை வாசலுக்கு எடுத்துப் போய் வெயிலில் பிடித்துப் பார்த்தார். ஐந்தாம் பேனலில் வரப்பு நிழல் எனக்கு இன்னும் ஊதா தூக்கலாகத்தான் படுகிறது, அதை அச்சுக்கு முன் சயான் பக்கம் திருப்ப வேண்டும். அவர் அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

நாலாம் பக்கத்தின் அட்டை போன வாரம் வந்தது. பெண்ணின் கையிலும் வரப்பின் சரிவிலும் வழக்கமாக அவர் இழுக்கும் மெல்லிய கோடுகள் இல்லை. அந்த இடங்களைக் காலியாக விட்டு, இளநீலப் பென்சிலால் சின்னதாகப் பெருக்கல் குறி போட்டிருக்கிறார். ஸ்கேன் செய்யும்போது அது மறைந்துவிடும். அதனால் அட்டையைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு பிளாட்ஸ் போட ஆரம்பித்திருக்கிறேன்.